இடப்பக்கத்து பேரிங் இன்னும் ஓடுகிறது

என் சவரி மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் குளிர் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே ஹட்டனில் மூன்று நாளாக மழை விடவில்லை. பட்டறைத் தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் ரேடியோ கூடக் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன, செய்தி வாசிக்கிறவனோடு பக்கத்தில் உட்கார்ந்து சண்டை பிடிக்க நீ இல்லை.

போன கிழமை பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வட்ட வாள் மெஷின் ஒன்று வாங்கி வந்தேன். கழற்றிப் போட்டிருக்கிறேன். அதன் தண்டைத் தூக்கி மேசையில் வைக்க இரண்டு பேர் வேண்டும். முன்பெல்லாம் நீ "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாய், நான் என் பக்கத்தைத் தூக்குவேன். இப்போது ஒரு முனையைத் தூக்கிக் கட்டையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் மறுமுனையைத் தூக்குகிறேன். வேலை நடக்கிறது. சுற்றிப் போகிற அந்த நாலு எட்டில்தான் மனசு என்னவோ செய்கிறது.

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு இந்த ராமையாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். சொல்லட்டும். உன்னிடம் சொல்லச் சொன்னது உன் வீட்டுக்காரி. அதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது என் முடிவு. உன்னைக் குறைத்துப் பேசியது எல்லோர் முன்னாலும்தானே. அப்படியானால் உண்மையும் எல்லோர் முன்னாலும்தான் வர வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரிய வேண்டுமே.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் தன் கையில் எடுத்த வருசங்கள் அவை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோரு என்போம். ஒவ்வொரு ஸ்டோருக்கும் பின்னால் ஒரு தச்சுக் கொட்டகை இருந்தது. அதில் வெள்ளைக்காரத் தொரைமார் சீமையிலிருந்து இறக்கிய மர மெஷின்கள் இருந்தன. புதிதாக வந்த நிர்வாகத்துக்கு அவை வேண்டாத சாமான். வெளியே தூக்கிப் போட்டார்கள், மழையில் கிடந்தன. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது, வெளிநாட்டிலிருந்து புது மெஷின் வர வழியே இல்லை. ஆனால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தச்சுப் பட்டறைக்காரர்கள் மெஷினுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். நீ ஒரு ஸ்டோரில் பிட்டர், நான் பக்கத்து ஸ்டோரில் தச்சன். இரண்டு பேரும் வேலையை விட்டோம். பழைய மெஷினை வாங்கிச் சரிபண்ணி விற்போம் என்று டிக்கோயா ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம்.

"துருவை வாங்கித் துருவை விக்கப் போறானுங்க" என்று தோட்டத்து லயத்து வீடுகளில் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் வருமே.

மெஷின் வாங்கப் போகிற இடத்தில் நீ மெஷினைப் பார்க்கவே மாட்டாய். நேரே கொட்டகைக்குப் பின்னால் போய்க் குப்பையைக் கிளறுவாய். அந்த மெஷின் கடைசியாகச் சீவிப் போட்ட பலகைத் துண்டு ஏதாவது கிடக்கும். அதை எடுத்துச் சட்டைக் கையால் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, விரலால் தடவுவாய்.

"ராமையா, இங்க பாரு, அலை அலையா விழுந்திருக்கு. ஒரு கத்திதான் வெட்டுது, மத்தது சும்மா சுத்துது. தண்டு நேராத்தான் இருக்கு. வாங்கலாம்."

தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்கூட வந்த ஆளு மெசினு வாங்க வந்தாரா, குப்பை பொறுக்க வந்தாரா?" என்று கேட்பார். ஆனால் நீ வேண்டாம் என்று சொன்ன மெஷினை நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே தடவை அது கடைசி வரை ஓடவில்லை. அதை நீ ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. மெஷினைப் பற்றி என்றால் உனக்கு அவ்வளவு பொறுமை, மனுசரைப் பற்றி என்றாலும் அப்படித்தான்.

பழைய மெஷினில் முதலில் சாவது பேரிங். சுற்றுகிற தண்டை இரண்டு பக்கமும் தாங்குகிற இடம் அது. அந்தக் காலத்து மெஷினில் அதன் உள்பக்கம் மென்மையான வெள்ளை உலோகம் பூசியிருக்கும், பட்டறையில் மெட்டல் என்றே சொல்வோம். தேய்ந்ததை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். சூடு குறைந்தால் மெட்டல் ஒட்டாது, கூடினால் வெந்து நொறுங்கும். உன்னிடம் சூடு பார்க்கிற கருவி ஒன்றும் இருக்கவில்லை. காய்ந்த தேயிலைக் குச்சியை உருகிய மெட்டலில் முக்கி எடுப்பாய். குச்சி தீப்பிடிக்காமல் கருஞ்சிவப்பாக வந்தால் ஊற்றலாம். தண்டுக்கு மண்ணெண்ணெய் விளக்குப் புகை காட்டி, இரண்டு பக்கமும் களிமண்ணால் அணை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஊற்றில் ஊற்றுவாய். பாதியில் நிறுத்தக் கூடாது, அதனால் அந்த நேரத்தில் நான் தும்மக்கூட மாட்டேன்.

கண்டியிலிருந்து ஆட்கள் வந்து உன்னைத் தேடினார்கள். வேலை தெரிந்தவனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நீ சவரி பாஸ். நான் யார்? சவரி பாஸோடு இருக்கிற ஆள். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்றுதான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரசாவுரிமைக்கு உங்கப்பா எப்போதோ இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், எங்கப்பா இலங்கைக்கு எழுதினார். அந்த ஒரு கையெழுத்தில் நீ இந்தியாக்காரன், நான் இலங்கைக்காரன். உன் பெட்டியில் இந்திய பாஸ்போர்ட் கிடந்தது. உன் மாமனார் குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. உன்னையும் போகச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் வந்தது. நீயோ ஒவ்வொரு தடவையும் ஒரு மெஷினைக் காரணம் காட்டித் தள்ளிப் போட்டாய். "இதை முடிச்சுட்டுப் போறேன்" என்பாய். முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அடுத்தது வரும்படி நானும் பார்த்துக்கொண்டேன்.

அப்படித்தான் டயகம தோட்டத்து மெஷின் வந்தது. பலகையை ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளுகிற இழைப்பு மெஷின். நம் கைக்கு வந்ததிலேயே பெரியது. அதை லொறியில் ஏற்ற எட்டுப் பேர் அலவாங்குக் கம்பி போட்டுத் தள்ளினோம். தலவாக்கலையில் மரம் அறுத்து விற்கிற மரக்காலை முதலாளி பார்த்ததும் தனக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் அதோடு கிடந்தாய். கத்தி பூட்டிய உருளைக்கு இடமும் வலமும் இரண்டு பேரிங். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினாய், ஒரு கிழமை, ஏழு நாளும் உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினாய். உருளையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் நான் வெற்றிலை மடித்து வாயில் போடும் வரை சுற்றும்.

அப்போது ஆயுத பூசை வந்தது.

நீ வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். பூசை என் பாடு. நீ பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே பார்ப்பாய், சுண்டலுக்கு மட்டும் முதலில் கையை நீட்டுவாய். அன்றைக்கு மெஷினைக் கழுவித் துடைத்து, வாழைக்குருத்து கட்டி, சந்தனம் குழைத்து வந்தேன்.

"என்னாடா ராமையா, மெசினைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றாய்.

"தலவாக்கலைக்குக் கட்டிக் குடுக்குறோம்ல. நெத்தி வெறுமையா போகலாமா?" என்றேன்.

நெற்றி எது என்று தேடினேன். இரண்டு பேரிங்குக்கும் மேலே வளைவான இரும்பு மூடி. நடுவில் எண்ணெய் விடுவதற்கு ஒரு சின்னக் குழி, குழிக்கு அடியில் துளை. இடப்பக்கத்துக் குழியை மூடப் பித்தளையில் ஒரு தட்டு இருந்தது. வலப்பக்கத்துத் தட்டு தோட்டத்திலேயே தொலைந்துவிட்டது. எனக்கு அந்தக் குழிதான் பொட்டு வைக்கிற இடமாகத் தெரிந்தது. இடப்பக்கம் தட்டின் மேலே வைத்தேன். வலப்பக்கம் குழியிலேயே வைத்தேன். ஹட்டன் ஈரத்தில் சந்தனம் காயாமல் வழியும் என்று கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். அதன் மேல் குங்குமம். கும்பிட்டுவிட்டுச் சூடம் காட்டினேன். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். துடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் லொறியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினோம். தலவாக்கலை போய்ச் சேர்ந்தபோது மேலே இருந்த சந்தனமெல்லாம் உரசிப் போய்விட்டது. மறுநாள் காலை முதல் ஓட்டம். நம் கொட்டகையில் பெரிய மோட்டார் ஓட்டுகிற அளவுக்குக் கரண்ட் கிடையாது, அதனால் வாங்குபவரின் இடத்தில்தான் எந்த மெஷினும் முதன்முதலில் ஓடும்.

எண்ணெய் விடுவது எப்போதும் என் வேலை. இடப்பக்கம் விட்டேன், இறங்கியது. வலப்பக்கம் விட்டேன், குழி நிறைந்து அப்படியே நின்றது. அந்தக் குளிரில் எண்ணெய் கெட்டியாகத்தான் இருக்கும், மெல்ல இறங்கட்டும் என்று நினைத்தேன். இடப்பக்கம் இறங்கியதே, இது மட்டும் ஏன் நிற்கிறது என்று ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"எண்ணெய் விட்டியா?" என்று நீ கேட்டாய்.

"ரெண்டு பக்கமும் நெறைய இருக்கு."

நீ வந்து எட்டிப் பார்த்தாய். குழி நிறைய எண்ணெய். தலையை ஆட்டிவிட்டு சுவிட்சைப் போட்டாய்.

முதல் பலகை வழவழவென்று வந்தபோது மரக்காலையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளி அதைத் தடவிப் பார்த்து, "ஹொந்தாய், சவரி பாஸ்" என்று சிங்களத்தில் மெச்சி உன் தோளில் தட்டினார். ஏழெட்டுப் பலகை போயிருக்கும். கருகுகிற வாசம் வந்தது, பிறகு புகை. உருளை கிறீச்சென்று கத்தி நின்றது, பெல்ட் கழன்று சுவரில் அடித்தது. வலப்பக்கத்து மூடிக்குக் கீழே மெட்டல் உருகி வழிந்து மரத்தூளில் சொட்டிக்கொண்டிருந்தது.

நீ ஓடிப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாய். ஏன் வைத்தாய் மச்சான்? சுடும் என்று தெரியாதா உனக்கு?

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நாமும் திருப்பிக் கத்தியிருப்போம். மெதுவாக, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சவரி பாஸ் ஊத்தினதுதானே இது? பேரைக் கேட்டு ஏமாந்துட்டேன்." இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் கைக்கு மருந்து போட யாரோ உன்னை வெளியே கூட்டிப் போனார்கள். மூடியைக் கழற்றியது நான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய்த் துளையில் மஞ்சளும் சிவப்புமாக, வெந்து இறுகிப் போய், என் பொட்டு அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட உள்ளே போயிருக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் எந்த மெட்டல்தான் நிற்கும்?

நீ வாசலில் வந்து நின்றாய். கையில் துணி சுற்றியிருந்தது. "என்னா தெரியுது?" என்று கேட்டாய்.

ஒரு ஆணியால் அந்த அடைப்பைக் குத்தித் தள்ளிவிட்டு, விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "மெட்டலு சரியா புடிக்கல போல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருசமாக யோசிக்கிறேன். பயம்தான். என் பூசையால் மெஷின் எரிந்தது என்றால் அந்த இருபது பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்கிற வெட்கம் இன்னொன்று. இவ்வளவுதான் என்று முடித்துவிடலாம், ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சவரி பாஸும் தவறுவான் என்று எல்லோரும் பார்த்ததில் எனக்கு ஒரு ஓரத்தில் சந்தோசம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

சாயந்தரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். உன் கை புண்ணாக இருந்ததால் வலப்பக்கத்தை நானே ஊற்ற வேண்டி வந்தது. என் ஊற்று எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், இரண்டு இடத்தில் குமிழி. ஆனால் துளை திறந்திருந்தது, எண்ணெய் இறங்கியது, மெஷின் ஓடியது. இடப்பக்கத்தை நான் தொடவே இல்லை. அது நீ ஊற்றியபடியே ஓடியது. அதைக் காட்டி, "பாருங்க, இதுவும் சவரி ஊத்தினதுதான், இது ஏன் எரியல?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

மரக்காலையில் என்னைப் பாராட்டினார்கள். "ராமையா பாஸ்" என்றார்கள். அடுத்த மாதம் நுவரெலியாவிலிருந்து ஒருத்தர் வந்து, "ஊத்துறது ராமையாவா இருக்கட்டும்" என்று உனக்குக் கேட்கும்படியே சொன்னார். நீ எழுந்து போய்க் கரி அள்ளி வந்து எனக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நீ ஊற்றவே இல்லை. "நீயே ஊத்துடா, எனக்குக் கை போயிருச்சு" என்றாய், புண் ஆறிய பிறகும் அதையே சொன்னாய். இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் இப்போது மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். கடைசியில் ஒரு நாள் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "கப்பலுக்கு எழுதிக் குடுத்துட்டேன்டா. இங்க எனக்கு இனிமே என்னா இருக்கு?" என்றாய்.

இந்த மெஷினை முடித்துவிட்டுப் போகிறேன் என்று நீ சொல்லாத ஒரே தடவை அது.

ஹட்டன் ஸ்டேசனில் அன்று எத்தனை குடும்பம் அழுதது. தகரப் பெட்டியும் பாய் மூட்டையுமாகக் கோச்சிக்குக் காத்திருந்தோம். உன் வீட்டுக்காரி செசீலித் தங்கச்சி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவுக்கு அப்போது மூன்று வயது, என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நீ என் பக்கத்தில் வந்து நின்று, மெஷினைப் பற்றிக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாய்.

"ராமையா, வலப்பக்கம் ஊத்தினப்ப சூடு கூடிப் போச்சோ? குச்சி நல்லாத்தானே வந்துச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ பெட்டியை இறக்கியிருப்பாயா? எனக்குத் தெரியாது. "கொஞ்சம் கூடிருச்சு போல மச்சான்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். காரணம் கிடைத்த திருப்தி உன் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தோடு கோச்சி ஏறினாய்.

சூடு கூடவில்லை மச்சான். குறையவும் இல்லை. உன் கையில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் கட்டைவிரலில்.

இதைச் சொல்ல எட்டு வருசம் ஆகிவிட்டது, நீயும் இல்லை.

அந்த எட்டு வருசத்தில் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நீலகிரிப் பக்கத் தோட்டத்தில் காவல் வேலை, அங்கேயும் இதே தேயிலை, இதே குளிர், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மெஷின் என்ற வார்த்தை எதிலும் இல்லை. நானும் எழுதவில்லை. கப்பல் நின்று, இங்கே நாடு இருக்கிற நிலையில் கடிதம் வருவதும் குறைந்துவிட்டது. பிறகு நாலு மாதத்துக்கு முன் செசீலியின் கடிதம் வந்தது. "அன்புள்ள அண்ணனுக்கு" என்று தொடங்கி, காய்ச்சலில் நீ போய்விட்டதை ஐந்து வரியில் சொல்லியிருந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது, பிள்ளையின் கையெழுத்து. மழையோடு மழையாகக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் உள்ளேயே இருந்தேன். யாரும் வந்து தட்டவில்லை. எங்கள் அக்கா குடும்பமும் கப்பல் ஏறிய பிறகு, என்னைத் தேடி வருவது மெஷின் வேண்டியவர்கள்தான்.

மூன்றாம் நாள் தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். முதலாளிக்குத் தலை நரைத்துவிட்டது, மகன்தான் இப்போது பார்க்கிறான். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொட்டைப் பற்றி, துளையைப் பற்றி, என் பொய்யைப் பற்றி. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "எந்தச் சவரி?"

விளக்கிச் சொன்னதும், "ஆ, அது பழைய கதை. மெஷின் ஓடுதுதானே" என்று எனக்கு டீ வரவழைத்தார். வேலைக்காரர்களிடமும் சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தன் மட்டும், பழைய கத்தி கிடைத்தால் கொண்டு வரச் சொன்னான். "பேரைக் கேட்டு ஏமாந்துட்டேன்" என்று முதலாளி அன்று சொன்னாரே, உன்னைக் கப்பல் ஏற்றிய சொல் அது. சொன்னவருக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தை இதுவரை இரண்டு தடவை மாற்றி ஊற்றிவிட்டேன், இப்போதும் கை வைத்தால் சுடுகிறது. இடப்பக்கத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நீ ஊற்றியதை இன்று வரை யாரும் தொடவில்லை, தொட வேண்டி வரவும் இல்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன் மச்சான். மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பையன்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் செசீலிக்கு எழுதினேன். உன் கல்லறைக்குப் போய் அதை வாசித்துக் காட்டும்படி கேட்டிருந்தேன். போன கிழமை பதில் வந்தது. இந்தத் தடவை "அன்புள்ள அண்ணனுக்கு" இல்லை. "ராமையா அவர்களுக்கு" என்று இருந்தது. அவள் சொன்னதைச் சொன்னபடியே பிள்ளை எழுதியிருக்கிறது.

"ஒங்க கடுதாசி கெடச்சுச்சு. இதைக் கல்லறையில போய் வாசிக்க நான் மாட்டேன். செஞ்சது நீங்க, நீங்களே அவருகிட்ட சொல்லிக்குங்க. இங்க வந்து எட்டு வருசம் அவரு ஒரு ஆணி அடிச்சதில்ல. வீட்டுக் கதவு கழண்டு விழுந்தப்பகூட பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்புட்டாரு. ஏன்னு கேட்டா கையைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு இப்பதான் வெளங்குது. இனிமே எழுத வேண்டாம்."

அதனால்தான் நானே சொல்கிறேன். நீ மன்னிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிக்காமல் இரு. செசீலி மாதிரி ஒருத்தராவது உன் பக்கம் நின்று என்மேல் கோபமாக இருக்க வேண்டும்.

ஆனால் மச்சான், அந்தக் கடிதத்தின் அடியில், செசீலியின் பேருக்கும் கீழே, பென்சிலில் இரண்டு வரி இருக்கிறது. அது செசீலி சொல்லி எழுதியதல்ல.

"மாமா, அப்பா மெஷின் செஞ்சாங்கன்னு எனக்கு யாருமே சொல்லல. மொத்தம் எத்தனை செஞ்சாங்க? அம்மாவுக்குத் தெரியாம எழுதுறேன்."

உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். இங்கே யாரைக் கேட்டாலும் பதினெட்டு என்பார்கள், டயகம மெஷினை என் பேரில் போட்டுவிட்டார்கள். நான் பத்தொன்பது என்று எழுதப் போகிறேன். அத்தோடு விட மாட்டேன். ஒவ்வொன்றும் எந்தத் தோட்டத்தில் கிடந்தது, இப்போது எந்தப் பட்டறையில் ஓடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுக்கு ஒரு கடிதமாக உன் மகளுக்கு எழுதுவேன். அவளுடைய அம்மா கிழித்துப் போட்டால் திரும்ப எழுதுவேன். உனக்குத் தருகிற வாக்கு இது, இதையாவது காப்பாற்றுவேன்.

உன்னிடம் இனி என்ன முறை சொல்லிக் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தப் பிள்ளை கூப்பிட்டபடியே போடுகிறேன்.

ஜெசிந்தாவின் மாமா,
ராமையா